விடை வரும் கட்டம்

சம்பள நாளுக்கு முந்தைய மூன்று ராத்திரிகளில் அந்தக் கணக்குப் பிரிவில் விளக்கு அணையாது.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் மெப்ஸ் வளாகம். 1984-ல் மெட்ராஸ் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலமாகத் தொடங்கிய இடம் அது. அதற்குள் ஓர் ஆயத்த ஆடை நிறுவனம். முந்நூறுக்கும் மேற்பட்ட டெய்லர்கள், செக்கர்கள், ஹெல்ப்பர்கள். வேலைக்கு வந்த நாள், ஓவர்டைம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., அட்வான்ஸ் பிடித்தம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுத வேண்டும். மேசையை மறைக்கும் அளவுக்கு நீளமான பதிவேடு. நெடுக்கக் கூட்டி வரும் தொகையும் குறுக்கக் கூட்டி வரும் தொகையும் கடைசிக் கட்டத்தில் ஒன்றாக நிற்க வேண்டும். நின்றால் ‘டேலி ஆயிடுச்சு’ என்று எல்லோரும் நாற்காலியை நகர்த்துவார்கள். நிற்காவிட்டால் இன்னொரு சுற்று டீ வரும். மறுபடி முதல் வரியிலிருந்து கூட்டல் தொடங்கும்.

1997-ல் அங்கே உதவியாளராகச் சேர்ந்த பெண்ணுக்கு அப்போது வயது 21. மேற்குத் தாம்பரத்தில் வீடு. பி.காம். முடித்திருந்தார், டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். இந்த இரண்டு சான்றிதழும் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய தென்சென்னைப் புறநகர் வீடுகளின் நம்பிக்கை. அவருடைய அம்மாவும் அப்படித்தான் நம்பினார்.

சேர்ந்த முதல் மாதமே கணக்கு இடித்தது. வித்தியாசம் 27 ரூபாய். மூன்று பேர் இரண்டு மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய தலைமைக் கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். “எவ்ளோம்மா இடிக்குது?”

“இருபத்தேழு சார்.”

“ஒம்போதால வகுபடுதே. எங்கயோ எண்ணு இடம் மாறிப்போயிருக்கு. கூட்டிப் பார்க்காத. எழுதினதை மட்டும் பாரு.”

பத்து நிமிடத்தில் அகப்பட்டது. 1,485 என்று எழுத வேண்டிய இடத்தில் 1,458. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ன் மடங்காகத்தான் இருக்கும். கணக்கப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்த வித்தை இது. பி.காம். பாடப் புத்தகத்தில் அதை அவர் எங்கும் படித்த நினைவில்லை.

அந்தப் பிரிவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறை, ஏ.சி., மேலே துணி உறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏற்றுமதி இன்வாய்ஸ் அடிக்க மட்டும் பயன்பட்ட அந்தப் பெட்டியில் லோட்டஸ் ஒன்-டூ-த்ரீ இருக்கிறது என்பதைத் தலைமைக் கணக்கர்தான் அவருக்குக் காட்டினார். கறுப்புத் திரை, மேலே ஒரு வரி, கீழே கட்டம் கட்டமாகத் தாள். சாய்கோட்டு விசையைத் தட்டினால் மெனு திறக்கும். கூட்டல் வேண்டுமென்றால் ‘அட்’ குறி போட்டு ‘சம்’ என்று அடித்து, முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் நடுவில் இரண்டு புள்ளி வைக்க வேண்டும்.

அதை முதன்முதலாக அடித்து என்டர் தட்டிய சாயங்காலத்தை அவர் மறக்கவே இல்லை. முந்நூறு வரிகளின் கூட்டுத்தொகை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. நடுவில் ஒரு எண்ணை மாற்றினார். கீழே இருந்த தொகை தானாக மாறியது. மூன்று ராத்திரி வேலை அது.

1978-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவருக்கும் இப்படித் திரும்பத் திரும்பக் கணக்குப் போடும் சலிப்பிலிருந்துதான் யோசனை பிறந்தது. பேராசிரியர் கரும்பலகை முழுக்கக் கட்டம் போட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு எண் மாறியதும் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது. கட்டங்கள் தாமே கணக்குப் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பிரிக்ளின் நினைத்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979-ல் ஆப்பிள்-2 கணினிக்காக விற்பனைக்கு வந்தது. 1983-ல் லோட்டஸ் வந்தது. 1985-ல் மெக்கின்டாஷிலும் 1987-ல் விண்டோஸிலும் எக்ஸெல் வந்தது. சானடோரியம் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த அந்தக் கண்ணாடி அறைக்கு வந்து சேர அதற்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

அந்தப் பத்தாண்டில் ஊரும் மாறிக்கொண்டிருந்தது. முடிச்சூர் சாலையில் அவர் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட் மெஷின்கள் வரிசையாக இருக்கும். காலை ஆறு மணி பேட்ச் தொடங்கினால் தெருமுனை வரை சத்தம் கேட்கும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுக்கு நாள் நெருங்கினால் ஸ்டாப்வாட்சோடு மாஸ்டர் நடந்துகொண்டே இருப்பார். தொண்ணூறுகளின் கடைசியில் அதே இன்ஸ்டிட்யூட்டின் போர்டில் ‘கம்ப்யூட்டர் சென்டர்’ என்ற சொல் சேர்ந்தது. உள்ளே நான்கு மெஷின்கள் போய் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. எம்.எஸ். ஆபீஸ், டேலி, டி.சி.ஏ. என்று புதுப் பெயர்கள். தமிழில் கம்ப்யூட்டரைப் பற்றி வாரப் பத்திரிகைகளில் எழுதி வந்த சுஜாதா பொறியியல் படித்ததும் பக்கத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில்தான். அந்தக் கட்டுரைகளைக் கத்தரித்து வைத்திருந்த அண்ணன், கணக்குப் பிரிவில் இருந்த தன் தங்கைக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

1999-ல் அலுவலகத்துக்கு எக்ஸெல் வந்தது. லோட்டஸில் பழகிய விரல்கள் ‘அட்’ குறியைப் போட்டாலும் எக்ஸெல் ஏற்றுக்கொண்டு சமக்குறியாக மாற்றியது. சம்பளப் பதிவேடு முழுவதும் தாளிலிருந்து திரைக்குப் போனது. அதைச் செய்தவர் அவர். அந்தப் பெருமையோடு இருந்த வருடத்தில்தான் அந்தத் தவறும் நடந்தது.

தீபாவளிக்கு முந்தைய மாதம். கணக்கு 40 ரூபாய் இடித்தது. ஒரு டெய்லரின் ஓவர்டைம் தொகையில் வித்தியாசம் என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. ராத்திரி ஒன்பது மணி. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஃபார்முலா இருந்த கட்டத்தில், வர வேண்டிய தொகையை அவரே தட்டிவிட்டார். டேலி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அதே தாளை நகல் எடுத்து, புது வருகை நாட்களையும் புது ஓவர்டைம் மணிகளையும் நிரப்பினார்கள். சம்பளக் கவர் கொடுத்த சாயங்காலம் ஒரு பெண் கணக்குப் பிரிவு ஜன்னலில் வந்து நின்றார். கவரைத் திறந்து, உள்ளே இருந்த சீட்டைக் கம்பி வழியே நீட்டினார். “மேடம், போன மாசம் 12 மணி நேரம் ஓ.டி. பார்த்தேன். இந்த மாசம் 30 மணி நேரம். பண்டிகைக்காகத்தான் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்தேன். காசு மட்டும் அதே காசுதானா?”

தொழிற்சாலைச் சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. முப்பது மணி நேரம் என்றால் ஏழெட்டு நாள் சம்பளம். அந்தக் கட்டத்தில் கணக்கு உறைந்து போயிருந்தது. அவர் கையால் தட்டிய எண், மணி எத்தனை கூடினாலும் அசையாமல் அப்படியே நின்றது.

பாக்கித் தொகை மறுநாளே வவுச்சர் போட்டுக் கொடுக்கப்பட்டது. தலைமைக் கணக்கர் கோபப்படவில்லை. அவரைத் திரைமுன் உட்காரவைத்து, அந்த நெடுவரிசையில் ஒவ்வொரு கட்டமாக அம்புக்குறியை இறக்கச் சொன்னார். மேலே இருந்த வரியில் ஃபார்முலா, ஃபார்முலா, ஃபார்முலா. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் வெறும் எண்.

“விடை வர்ற கட்டத்துல நம்ம கை போகக் கூடாதும்மா. விடை சரியில்லைன்னா அதுக்கு முன்னாடி இருக்கிற கட்டத்தைப் பாரு. தப்பு அங்கதான் இருக்கும். திருத்தவும் அங்கதான் முடியும்.”

அன்றைக்கே தாளை மாற்றி அமைத்தார்கள். நாம் நிரப்ப வேண்டிய கட்டங்களுக்கு மஞ்சள் நிறம். ஃபார்முலா கட்டங்களுக்குப் பூட்டு. பி.எஃப். விகிதம், இ.எஸ்.ஐ. விகிதம், ஓவர்டைம் மடங்கு எல்லாவற்றுக்கும் தாளின் தலைப்பில் தனித்தனிக் கட்டம். கீழே உள்ள முந்நூறு வரிகளும் அந்தத் தலைப்புக் கட்டத்தைப் பார்த்தே கணக்குப் போட வேண்டும். வரி இறங்க இறங்கக் கட்டத்தின் பெயரும் நழுவி இறங்காமல் இருக்க டாலர் குறி போட வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றார். இ.எஸ்.ஐ. விகிதம் அப்போது தொழிலாளி பங்கு 1.75 சதவீதம். ‘அது மாறவா போகுது, நேரடியாவே எழுதிடலாமே’ என்று பிரிவில் ஒருவர் கேட்டார். தலைமைக் கணக்கர் சம்மதிக்கவில்லை.

2004-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. கடற்கரை–தாம்பரம் தடத்தில் மீட்டர் கேஜ் மின்ரயில் கடைசியாக ஓடி நின்றது. 1931 முதல் ஓடியது அது. அதே வருடம் நிறுவனத்துக்கு முதன்முறையாக அப்ரைசல் படிவம் வந்தது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: ஐந்து ஆண்டுகளில் நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?

‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்று எழுதினார். வேறென்ன எழுதுவது? பிரிவில் எல்லோரும் அதைத்தான் எழுதினார்கள்.

தலைமைக் கணக்கர் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. படிவத்தை வாங்கிப் பார்த்தார். அந்த இரண்டு சொற்களின் மேல் விரலை வைத்தார். “இது விடை வர்ற கட்டம். மஞ்சள் கட்டம் எங்க?”

அவருக்கு உடனே புரியவில்லை. ரயிலில் நின்றுகொண்டே வந்தபோது புரிந்தது. பதவி உயர்வு என்பது மேலாளர் முடிவு, காலியிடம், நிறுவனத்தின் லாபம் என்று பல கட்டங்களைக் கூட்டி வரும் தொகை. அதில் அவருடைய கை படக்கூடிய கட்டங்கள் எவை என்பதைத்தான் சார் கேட்டிருக்கிறார்.

இலக்கு வைப்பதைப் பற்றி நிர்வாகவியலில் நிறையவே பேசியிருக்கிறார்கள். 1954-ல் பீட்டர் டிரக்கர் எழுதிய நூலிலிருந்துதான் ஊழியரும் மேலாளரும் குறிக்கோள்களை எழுதிவைத்து வேலை செய்யும் முறை அலுவலகங்களில் பரவியது. குறிக்கோள் திட்டவட்டமாக, அளக்கக்கூடியதாக, கால எல்லையோடு இருக்க வேண்டும் என்பதை 1981-ல் ஜார்ஜ் டோரன் ‘ஸ்மார்ட்’ என்ற ஐந்தெழுத்தில் அடக்கினார். எட்வின் லாக், கேரி லாதம் என்ற இரு உளவியலாளர்கள் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து ஒன்றைச் சொன்னார்கள்: ‘முடிந்தவரை செய்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, கடினமான ஆனால் துல்லியமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் மேலாகச் செய்கிறார்கள். இவை எதுவும் அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் மஞ்சள் கட்டம் ஒன்றுதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டார். என்ன கற்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யாரிடம் கேட்பது, எந்தத் தேதிக்குள், முடித்ததற்கு என்ன அடையாளம் என்று ஐந்து நெடுவரிசை. கிடையில் நான்கு வரி.

முதல் வரி, வி-லுக்அப். பொங்கலுக்குள் யாரையும் கேட்காமல் போட வேண்டும். இரண்டாவது, பிவட் டேபிள். பிரிவு வாரியான வருகைக் கணக்கைப் பத்து நிமிடத்தில் எடுக்க வேண்டும். மூன்றாவது, ஒரு மாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கை முதலிலிருந்து பணம் கட்டுவது வரை தானே செய்து பார்க்க வேண்டும். நான்காவது, வாரம் ஒரு ஆங்கிலக் கடிதம் சொந்தமாக எழுதி ஒருவரிடம் திருத்தம் வாங்க வேண்டும். அசிஸ்டென்ட் மேனேஜர் என்பதைப் பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதிவைத்தார்.

வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. மாமியாருக்கு முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தை தூங்கும் ஒன்றரை மணி நேரம் மட்டும் அவருடையது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் பணம் கட்டி உட்காருவார். சுற்றிலும் பையன்கள் கேம் விளையாடிக்கொண்டிருக்க, இவர் அலுவலகத் தாளின் மாதிரியை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து பயிற்சி செய்வார்.

வி-லுக்அப்பில் அவரை மூன்று வாரம் அலைக்கழித்தது கடைசிச் சொல். எந்தக் குறியீட்டைத் தேட வேண்டும், எந்தப் பட்டியலில், எத்தனையாவது நெடுவரிசை என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டால் எக்ஸெல் ‘ஏறக்குறைய’ பொருந்தும் விடையைத் தேடுகிறது. பட்டியல் வரிசைப்படி அடுக்கப்படாமல் இருந்தால் பக்கத்து வரியில் இருப்பவரின் சம்பளத்தை எடுத்துக் கொடுத்துவிடும். பிழை என்று எச்சரிக்கவும் செய்யாது. கடைசியில் ‘ஃபால்ஸ்’ என்று போட்டால்தான் அச்சு அசலாகப் பொருந்துவதை மட்டும் எடுக்கும். இதைக் கண்டுபிடித்த பிறகு ஒரு பழக்கம் வந்தது. எந்த ஃபார்முலா போட்டாலும் ஐந்து வரிகளைக் கையால் சரிபார்ப்பார். முதல் வரி, கடைசி வரி, நடுவில் மூன்று.

முதல் இரண்டு வரிகளும் பொங்கலுக்குள் முடிந்தன. மூன்றாவது மார்ச்சில். ஆங்கிலக் கடிதம் மட்டும் நின்றுபோனது. திருத்திக் கொடுக்க ஒப்புக்கொண்டவர் வேலை மாறிப் போய்விட்டார். நோட்டைப் புரட்டி, ‘யாரிடம்’ என்ற கட்டத்தில் அடித்து எழுதினார். ‘வாரம் ஒன்று’ என்பதை ‘மாதம் இரண்டு’ ஆக்கினார். அண்ணன் திருத்திக் கொடுத்தார். இலக்கு தவறிய மாதத்தில் மனம் உடைந்து நோட்டை மூடிவைக்காமல், எந்தக் கட்டத்தை மாற்றலாம் என்று தேடியதுதான் அந்த வருடம் அவர் செய்த பெரிய காரியம்.

ஐந்து ஆண்டு முடிவதற்குள், 2008-ல், மறைமலை நகர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார்கள். நாலாயிரம் வரி கொள்முதல் பட்டியல். சப்ளையர் வாரியாக, மாத வாரியாகத் தொகை வேண்டும், இருபது நிமிடம். பிவட் டேபிளைப் போட்டு ஐந்து நிமிடத்தில் எடுத்தார். மிச்ச நேரத்தில் ஐந்து வரிகளைக் கையால் சரிபார்த்தார். அந்தப் பட்டியலில் ஒரே சப்ளையர் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் காட்டினார். வேலை கிடைத்தது. அதுவரை ஒரே ஒரு ஸ்டேஷன் போய் இறங்கியவர், அதன் பிறகு செங்கல்பட்டு ரயிலில் எதிர்த்திசையில் போனார். அசிஸ்டென்ட் மேனேஜர் பதவி 2011-ல் வந்தது. பென்சில் எழுத்துக்கு இரண்டு வருடம் தாமதம்.

அலுவலகத்துக்கு வெளியேயும் கட்டம் போட்டுப் பழகிய அந்தக் கை ஒருமுறை பயன்பட்டது. 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழை, மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டராகப் பதிவானது. அடையாறு கரையோரம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் முதல் மாடி வரை தண்ணீர். மேட்டுத் தெருவில் இருந்த அவர் வீட்டுக்கு அருகே ஒரு பள்ளியில் நிவாரண முகாம். பால் பவுடர் ஒரு தெருவுக்கு இரண்டு முறை போயிற்று. இன்னொரு தெருவுக்குப் போகவே இல்லை. கரன்ட் இல்லாததால் முதலில் தாளில்தான் கட்டம் போட்டார். குடும்பத் தலைவர், தெரு, கதவு எண், இரண்டு வயதுக்குள் குழந்தை, இன்சுலின், டயாலிசிஸ், என்ன கொடுத்தோம், எப்போது. இரண்டு நாள் கழித்து லேப்டாப்பில் ஏற்றித் தெரு வாரியாக அடுக்கினார். வேனில் சாமான் ஏற்றும் இளைஞர்கள் அந்த அச்சுத் தாளைப் பார்த்தே புறப்பட்டார்கள். அதே வாரம் சென்னை முழுக்கத் தன்னார்வலர்கள் இணையத்தில் பொதுவான விரிதாள்களைத் திறந்து, தங்க இடம் தருபவர்களையும் உணவு தருபவர்களையும் வரி வரியாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

2017 ஜூலை 1. ஜி.எஸ்.டி. வந்தது. தென்சென்னைப் புறநகர்ச் சாலையின் பெயரிலும் ஜி.எஸ்.டி. இருப்பதைச் சொல்லிச் சிரித்த அக்கவுண்டண்டுகளுக்கு அதன் பிறகு வீட்டுக்குப் போக நேரமில்லை. சப்ளையர் தாக்கல் செய்தது நம் படிவத்தில் வந்து விழும். அதையும் நம் கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பொருந்தினால்தான் கட்டிய வரிக்கு வரவு வைக்க முடியும். 15 இடங்கள் கொண்ட பதிவு எண். தமிழ்நாட்டுக்காரர் என்றால் 33-ல் தொடங்கும், அடுத்த பத்து இடம் பான் எண். அதில் ஓர் எழுத்து பிசகினாலும் வரவு போய்விடும்.

அவருடைய பிரிவில் முதல் மாதம் ஒப்பிட்டபோது பாதிக்கு மேல் பொருந்தவில்லை. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் “எல்லா சப்ளையரும் தப்பா போட்டிருக்காங்க மேடம்” என்றார். அவர் ஒரு வரியை எடுத்து வைத்தார். பில் எண் நம்மிடம் ‘0045’, அவர்களிடம் ‘45’. இன்னொன்றில் எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. ‘ட்ரிம்’ போட்டு இடைவெளியை நீக்கி, முன்னால் இருந்த பூஜ்யங்களை எடுத்ததும் பொருந்தாத வரிகள் சட்டென்று குறைந்தன. மிச்சம் இருந்த சில சப்ளையர்களுக்குத்தான் உண்மையிலேயே போன் செய்ய வேண்டியிருந்தது. அந்த வருட அப்ரைசலில் அந்தத் தம்பியின் நோட்டில் முதல் வரியாக எழுதப்பட்டது ‘ட்ரிம்’.

பிறகு 2019. அந்த இ.எஸ்.ஐ. விகிதம் மாறியது. 1997 முதல் 22 ஆண்டுகள் 1.75 சதவீதமாகவே நின்றிருந்த தொழிலாளி பங்கு, ஜூலை 1 முதல் 0.75 ஆனது. முதலாளி பங்கு 4.75-லிருந்து 3.25. 12,000 ரூபாய் வாங்குபவருக்கு மாதம் 210 ரூபாய் பிடித்தது 90 ரூபாயாகக் குறைந்தது. தொழிலாளிக்கு மிச்சமாகும் 120 ரூபாய். ஒரு பிரிவின் கணக்குத் தாள் ஒழுங்காக இல்லாவிட்டால் அந்த 120 ரூபாய் அவர் கையில் சேராது.

பக்கத்து நிறுவனங்களிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. இருபது வருடமாக மாறாத எண் என்பதால் பலரும் ஃபார்முலாவுக்குள்ளேயே 1.75-ஐ எழுதி வைத்திருந்தார்கள். தாள் தாளாகத் தேடி மாற்ற வேண்டியிருந்தது. அவருடைய தாளின் தலைப்பில் இரண்டு மஞ்சள் கட்டங்கள். இரண்டு எண்களைத் தட்டினார். முடிந்தது. ஐந்து வரிகளைக் கையால் பார்த்தார். 12,010 ரூபாய் சம்பளத்துக்கு 0.75 சதவீதம் என்பது 90 ரூபாய் 7.5 காசு, இ.எஸ்.ஐ.யில் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்ற வேண்டும், ஆகவே 91. சாதாரண ‘ரவுண்ட்’ போட்டிருந்தால் 90 என்று வந்திருக்கும். ‘ரவுண்ட்அப்’ இருந்தது. சரியாகவே வந்தது.

ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்த தலைமைக் கணக்கருக்கு அன்று மாலை போன் செய்து சொன்னார். “மாறிடுச்சா?” என்று மட்டும் கேட்டார் அவர்.

பெரிய இடங்களிலும் இதே கட்டங்களில்தான் சறுக்கியிருக்கிறார்கள். அரசுக் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவைப் பற்றி 2010-ல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில், சராசரி எடுக்கும் ஃபார்முலா 20 நாடுகளில் ஐந்தைச் சேர்க்காமல் நின்றிருந்தது. அதை 2013-ல் வெளிக்கொணர்ந்தவர் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர். 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 65,536 வரிக்கு மேல் கொள்ளாத பழைய எக்ஸெல் வடிவத்தைப் பயன்படுத்தியதால் 15,841 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் வராமல் விடுபட்டார்கள். ஐந்து வரிகளைக் கையால் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. அதே உதிரிபாக நிறுவனத்தில் மேலாளர். தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. தினமும் ரயிலில் கடக்கும் கூடுவாஞ்சேரிக்கு அடுத்து வல்லாஞ்சேரியில் ஜோஹோ வளாகம் இருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படும் ஜோஹோ ஷீட் என்ற விரிதாள் அந்த நிறுவனத்துடையது. தறி ஓடும் ஊரில் துணிக்குப் பஞ்சம் வருவது போல, அந்த வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே விரிதாளைத் திறக்கத் தெரியாமல் பில்லிங் வேலையில் தேங்கி நிற்கும் பட்டதாரிகள் இருக்கிறார்கள். எக்ஸெல் வாங்கப் பணமில்லை என்பவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கும் அந்த ஷீட்டை அவர் திறந்து காட்டுகிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை அவர் வீட்டு மாடியில் வகுப்பு. டி.என்.பி.எஸ்.சி. டைப்பிஸ்ட் பணிக்காகக் கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழுக்குப் படிக்கும் பெண்கள், குரோம்பேட்டை மருத்துவமனை பில்லிங்கில் இருப்பவர், பல்லாவரத்துக் கடையொன்றின் காசாளர் என்று ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். ஏ.ஐ.யிடம் கேட்டால் ஃபார்முலாவைத் தந்துவிடுகிறதே அக்கா, நாங்கள் ஏன் கற்க வேண்டும் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். கேட்டு வாங்கிக்கொள், தப்பில்லை என்றார் அவர். ஐந்து வரியைக் கையால் போட்டுப் பார்த்து, வந்த விடை சரி என்று நீ கையெழுத்துப் போடத் தயாரா என்பதுதான் கேள்வி. சம்பளத் தாளில் கையெழுத்து ஏ.ஐ.யுடையது இல்லை.

புதிதாக வருபவர்களிடம் முதல் நாள் அவர் ஃபார்முலா எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. வெற்றுத் தாளைத் திறந்து, அடுத்த ஆறு மாதத்தை ஐந்து நெடுவரிசையாகப் போடச் சொல்கிறார். என்ன, எத்தனை மணி நேரம், யாரிடம், எப்போது, எது அடையாளம். முதலிரண்டை மஞ்சளாக்கச் சொல்கிறார். ‘எத்தனை மணி நேரம்’ என்ற கட்டத்தில்தான் எல்லோருக்கும் கை நிற்கிறது. ஆறரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பும் ஒரு பெண், அதில் என்ன எழுதுவார்?

அதனால் தன் பிரிவில் அவர் ஒன்றைச் செய்தார். அப்ரைசல் படிவத்தில் ‘ஐந்து ஆண்டுகளில் எங்கே’ என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. அதன் பக்கத்தில் மூன்று கட்டங்களைச் சேர்த்தார்: என்ன கற்கப் போகிறீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அந்த நேரத்தை நிறுவனம் எப்போது தரும். மூன்றாவது கட்டத்தை நிரப்ப வேண்டியவர் மேலாளர். புதன்கிழமை நான்கு முதல் ஐந்து வரை அந்தப் பிரிவில் போன் எடுப்பதில்லை. எட்டுப் பேரும் கற்கிறார்கள்.

பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இந்தச் சாலையோரம் உள்ள ஒவ்வொரு கணக்குப் பிரிவும், ஒவ்வொரு பில்லிங் கவுன்டரும் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து அதைத் திருடிக்கொள்ளும்படி ஊழியர்களை விடாமல், வேலை நேரத்துக்குள்ளேயே கொடுக்க வேண்டும்.